பன்னிரண்டாவது பெயர்

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கோச் ஸ்கோர் தாளில் தன் அணியின் பன்னிரண்டு பெயர்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவன் தலைகீழாக நின்றாலும் இறங்க முடியாது. பெயர் இருப்பவன் பிந்தி வந்தாலும் விளையாடலாம்.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் ஒற்றைக்காலில் நின்றேன். எங்கள் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் ஆடிய கஜரூபன், 2006 மார்கழியில் பிய்ந்த சப்பாத்தைத் தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று விடுதியிலிருந்து போனவன். திரும்பவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் பன்னிரண்டாவது பெயராக அவனைத்தான் எழுதினேன்.

உதவிக் கோச் முத்தலிப்புக்கு இது பிடிக்கவில்லை. "சேர், ஒரு முதலாம் வருசப் பொடியனையாவது போடலாம். வராதவனுக்கு இடம் பிடிச்சு வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"பிந்தி வந்தா?"

"எட்டு மாசம் பிந்தியா சேர்?"

பேசாமல் போய்ப் பந்துகளுக்குக் காற்றடி என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மனைவியும் மகளும் கனடா போய் மூன்று வருடம். ஓர்ஸ் ஹில் வீட்டில் அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை. ஊரடங்கு நாட்களில் விடிந்ததிலிருந்து ஒரு சொல் பேசாமல் இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் அடுத்த ஆட்டத்துக்கான பெயர்களை எழுதிப் பார்ப்பேன். பன்னிரண்டும் நிரம்பினால் ஒரு ஆறுதல்.

ஆவணியில் கண்டிப் பக்கம் போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டத்தில் வென்றோம். யாரோ ஒரு நிருபர் ஸ்கோர் தாளைப் பார்த்து, பன்னிரண்டு பெயரையும் பத்திரிகையில் போட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பின்னேரம், பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கஜரூபனின் தாய் புஷ்பவதி சல்லிக் கிராமத்திலிருந்து வந்தார். கையில் பத்திரிகைத் துண்டு.

"சேர், மகனைக் காணேல்லை எண்டு முறைப்பாடு குடுத்த இடத்தில இதைக் காட்டினவங்கள். உன்ட மகன் கண்டியில பந்து விளையாடுறான், இனி இஞ்ச வராத எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஃபைலையும் மூடியாச்சாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்திருந்தது. அவருக்கு விதியை விளக்கத் தொடங்கினேன். பாதியில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"விளக்கம் வேண்டாம் சேர். அவன் வரேல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ. அது இருந்தாத்தான் திரும்பத் தேடுவாங்கள்."

முத்தலிப் கதிரையும் தாளும் கொண்டுவந்து வைத்தான். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனோடு சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

எழுதினேன். பேனை இரண்டு தரம் நின்றது. கையெழுத்து வைத்து நீட்டியபோது, "வாசியுங்கோ சேர்" என்றார்.

"மார்கழி பதினாறாம் திகதிக்குப் பிறகு கஜரூபன் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை." அதை அதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. இனி அந்தப் பேரை எழுதமாட்டன்."

அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். போக எழும்பியவர் நின்றார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பேப்பரை வாசிச்சுச் சொன்னவ. நான் நம்பினனான் சேர். அடுத்த நாள் நீங்கள் வந்திறங்கேக்க பஸ் ஸ்டாண்டில நானும் நிண்டனான்."

"நான் காணேல்லையே அம்மா."

"பின்னுக்கு நிண்டனான். பதினொரு பொடியள் இறங்கினவங்கள். பஸ் வெறுமையாப் போகுமட்டும் நிண்டுபோட்டுத்தான் வீட்ட போனனான்."