பெரணி இலை விழுந்த ஷீட்

லாபிஸ் ஊர்ப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே ரப்பர் பாலை ஷீட்டாக்கும் ஸ்டோரில் பதின்மூன்று வருஷமாக நான் ஷீட் பார்க்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் ஸ்டானிஸ்லாஸ். புகைக்கூடத்தில் காய்ந்து தேன் நிறத்தில் இறங்கிவரும் ஒவ்வொரு ரப்பர் ஷீட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் என் வேலை. ஒரு தூசியோ பட்டைத் துணுக்கோ தெரிந்தால் போதும், அந்த இடத்தைக் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டிக் கூடையில் போட்டுவிடுவேன்.

இந்த வேலை செய்து செய்து, எதைப் பார்த்தாலும் அதில் குறை எங்கே என்றுதான் என் கண் முதலில் தேடும். என் மனைவி கெர்ட்ரூட் ஈஸ்டருக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "முந்தானையில ஒரு நூல் பிரிஞ்சிருக்கு" என்றேன். அன்றைக்குச் சோறு எனக்கு ஆறித்தான் கிடைத்தது.

எனக்கு நேர் எதிர் செல்வராணி. மலைக்காட்டு ரப்பர் மரங்களில் பால் வெட்டும்போது வழுக்கி விழுந்து முட்டி பிசகியவள். மேடு ஏற முடியாது என்பதால் தோட்ட மேனேஜர் துரை அவளை ஸ்டோருக்கு மாற்றினார். பாலை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றி, உறைய வைக்கும் வேலை. கை சுத்தமானவள்தான். ஆனால் அவள் கண் வேலையில் நிற்காது. மரப்பட்டையில் படர்ந்த வெள்ளைப் பாசியைக் காட்டி, "இந்த மரத்துக்கு யாரு கோலம் போட்டாங்க பாருங்க" என்று ஆட்களையெல்லாம் கூப்பிட்டுவிடுவாள். போன மாதம் சிலந்தி வலையில் மழைத்துளி தொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்று, ஒரு தட்டுப் பாலை வழியவிட்டாள். துரை பார்த்துவிட்டார். "இன்னொரு தப்பு செய்தால் மலைக்காட்டுக்குப் புல் வெட்டப் போக வேண்டியதுதான்" என்று என் முன்னால்தான் சொன்னார்.

புதன்கிழமை காலை ஒரு ஷீட்டைத் தூக்கினேன். நட்ட நடுவில் ஒரு பெரணி இலை, காம்பு முதல் நுனி வரை முழுசாகப் பதிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"செல்வராணி! இங்க வா. என்ன இது?"

காலை இழுத்து இழுத்து வந்தவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எவ்வளவு அழகா வந்திருக்கு!"

"அழகா? பாலுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"கூரையில மொளைச்சதுங்கய்யா. காத்துல விழுந்துச்சு. பாலு அப்பத்தான் உறைய ஆரம்பிச்சிருந்துச்சு. வெள்ளைப் பாலு மேல பச்சை இலை. எடுக்கத்தான் கைய நீட்டுனேன். மனசு வரல."

"துரை கேட்டா இதைத்தான் சொல்லுவியா, மனசு வரலன்னு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வாடிப்போயிற்று. "மலைக்கு அனுப்பிடாதீங்கய்யா. இந்த முட்டியோட என்னால ஏற முடியாது. வெட்டிப் போட்டுடுங்க." இரண்டடி போனவள் திரும்பினாள். "வெட்டுறதுக்கு முன்னால ஒருக்கா நல்லாப் பாருங்க. நீங்க எப்பவும் தூசியத்தான பாக்குறீங்க."

வாய்க்கொழுப்பு! எனக்குப் பார்க்கச் சொல்லித் தருகிறாளாம்.

துரை வருகிற நேரம். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஷீட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். எங்கே வெட்டலாம் என்றுதான் பார்த்தேன், சத்தியமாக. வெயில் பின்னாலிருந்து விழுந்தது. இலை புகையில் கறுத்திருந்தது. ஒவ்வொரு சிற்றிலையும் அதனதன் இடத்தில் நின்றது, உள்ளே மயிரிழை போல நரம்பு ஓடியது. மெஷின் உருளை பதித்த வரிகள் அதன் மேல் போனதில், ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற இலை மாதிரி இருந்தது. நுனியில் இரண்டு காற்றுக் குமிழிகள். வேறு நாளாக இருந்தால் அவற்றை மட்டும்தான் பார்த்திருப்பேன். இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் ஷீட்டைத் தூக்கிப் பிடித்தேன், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையே என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

பெரிய சதுரமாக வெட்டினால் நல்ல ரப்பர் வீணாகும், அதனால் இலையின் ஓரத்தோடு வெட்டுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போக என் கைக்கு ஆசை. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு பல் விடாமல் சுற்றி வெட்டினேன். நேரம் போனதே தெரியவில்லை. இலையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

ஷீட்டில் பெரணி இலை வடிவத்தில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ரப்பர் மரங்களின் பச்சை. கறுத்துப்போன இலை மறுபடியும் பச்சையாகத் தளிர்த்து நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பின்னால் பூட்ஸ் சத்தம். துரை!

அவர் ஷீட்டைப் பார்த்தார். பிறகு நேரே செல்வராணியைப் பார்த்தார். "இது இவ வேலையா?"

அந்தப் புண்ணியவதி துரை வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அந்தப் பச்சை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயெல்லாம் சிரிப்பு. துரையின் முகம் சிவக்க ஆரம்பித்தது. நான் சும்மா நின்றிருந்தாலே போதும், அவள் மறுநாள் மலையில் இருப்பாள். இலையை எடுக்காமல் விட்டவள் அவள்தானே, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலியே பயிரை மேய்ந்த கதையாக, ஷீட்டைப் பாழாக்கியவன் நான்.

"நான்தான் துரை."

"நீயா, கிராணி? ஏன்?"

தூசி, குமிழி, கத்தரிக்கோல் வழுக்கிவிட்டது என்று நூறு சாக்கு நாக்கு வரை வந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

"அழகா இருந்துச்சு, துரை."

துரை கிட்டே வந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார். அவர் கோபம் கவலையாக மாறிவிட்டது. "காய்ச்சலா? வீட்டுக்குப் போ. ரெண்டு நாள் கொய்னா மருந்து சாப்பிடு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் செல்வராணிக்கு நடந்தது புரிந்தது. தட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களா ஐயா?"

"பொய் எங்க சொன்னேன்? வெட்டுனதும் நான்தான். அழகா இருந்ததும் நெசம்தான்."

வீட்டுக்குப் போய் இரண்டு நாளும் கொய்னா குடித்தேன். மூன்றாம் நாள் ஸ்டோருக்குள் நுழைந்ததும் செல்வராணியிடம்தான் முதலில் போனேன். "அந்தப் பாசி படர்ந்த மரம் எங்க நிக்குது?" என்று கேட்டேன்.