இது எந்த ஊர் ஐயே?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சினிமாக் கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. 1974இல் செங்கல்பட்டில் ஞாயிறு காலைக்காட்சியாக ஓடிய பிரிட்டிஷ் படம். ஏதோ பட்டிக்காட்டு நாவலிலிருந்து எடுத்தது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, நான் சொல்வதில் பாதி அதில் இல்லை என்று சண்டைக்கு வருவீர்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘இங்கிலாந்தின் பசும்புல் வெளிகளில் பனி கவிந்திருந்த அந்த’

அடித்துவிட்டேன். மேற்கே நான் போன அதிகபட்ச தூரம் காஞ்சிபுரம்.

2

படத்தில் ஒருத்தி, அப்பா செத்தபின் ஆப்பிள் தோட்டத்தைத் தனியாகக் கட்டி ஆள்கிறாள். அவளிடம் வேலை செய்யும் ஒருவன், அதிகம் பேசாதவன். இரண்டு மணி நேரம் மழை. ஒருவரும் பாடுவதில்லை. இருவரும் கால் புதையும் சேற்றில் முகம் பார்க்காமல் வேலை செய்வதைக் காட்டியே காதலைச் சொல்லிவிடுகிறார்கள். நடுநடுவே ஒரு மாடு வந்து எல்லாரையும்விட நன்றாக நடிக்கிறது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அழுதேன்.*

* மாட்டுக்காக அல்ல. சரி, ஒரு முறை மாட்டுக்காக.

3

இதைச் சதுரங்கப்பட்டினம் டீக்கடையில் சொன்னேன். அங்கேதான் கட்டுரை கெட்டது. நான் அப்போது அந்த ஊரில் கிளார்க். கேட்டுக்கொண்டிருந்தவன் சிங்காரம். அப்பா போனபின் இரண்டு படகுகளை வைத்து நடத்தும் கன்னியம்மாவிடம் வலை இழுப்பவன். அவளைக் கட்டிக்கொள்ள ஆறு வருடமாக ஆசை. கேட்கத்தான் ஆறு வருடமாக வாய் வரவில்லை.

“அண்ணாத்த, இது எங்க கதையாட்டமே கீது. கன்னிம்மாவ இட்டுகினு போலாம். அத்தப் பாத்தாச்சும் புரிஞ்சிக்கட்டும்.”

[இங்கே சிங்காரத்துக்கு ஒரு மீசை வைத்திருந்தேன். நிஜத்தில் கிடையாது, எடுத்துவிட்டேன். பாத்திரம் கொஞ்சம் பலவீனமாகத்தான் தெரிகிறது.]

4

கடல் மோசமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

கடைசிக் காட்சி. அவள் மழையில் நின்று கேட்கிறாள்: இங்கேயே என்னோடு இருந்துவிடுகிறாயா? அவன் தொப்பியைக் கழற்றுகிறான். மாட்டைப் பார்க்கிறான். அப்புறம் அந்தப் பட்டிக்காட்டு இழுவையில் ஒரே ஒரு சொல்: “ஐயே.”

கொட்டகை முழுக்க விசில். நம் பக்கம் ஐயே என்றால், சீ, போ, மூஞ்சியைப் பார் என்று அர்த்தம்.

கன்னியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். “த்தூ! ஒரு பொம்பள இம்மா மழைல வாய வுட்டுக் கேக்குறா, ஐயேன்றான் பாரு!”

“இல்லம்மா, அவங்க ஊர்ல அதுக்கு ஆமான்னு அர்த்தம்.”

“ஐயேன்னா ஆமாவா? அப்போ ஐயேன்றதுக்கு இன்னா சார் சொல்வானுங்க?”

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

5

திரும்பும்போது பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. டிரைவர் உட்பட எல்லாரும் கழுகு பார்க்க இறங்கிவிட்டார்கள். நாகரிகம் தெரிந்தவனாக இருந்தால் நானும் இறங்கியிருப்பேன்.

சிங்காரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பியிடமே கேட்டான். “கன்னிம்மா, நான் உன் வூட்லயே இருந்துடட்டா?”

“எதுக்கு, காவலுக்கா?”

“கட்டிக்கினு.”

அவள் அவனைப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“ஐயே.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பாக இருக்கலாம். பஸ்ஸில் டீசல் நாற்றமும் அடித்தது.

சிங்காரம் என் காதருகே வந்தான். “அண்ணாத்த, இது எந்த ஊர் ஐயே?”

6

முடிவு அ: அவள் பேசியது இங்கிலீஷ். தை மாதம் கல்யாணம். இரண்டு படகுக்கும் புதுப் பெயின்ட்.

முடிவு ஆ: அவள் பேசியது தமிழ். சிங்காரம் மாமல்லபுரத்தில் வேறு யாருடைய படகிலோ ஏறிக்கொள்கிறான், சதுரங்கப்பட்டினம் பக்கம் பார்க்காமலே வலை

இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும்.

முடிவு இ: கன்னியம்மாவிடமே கேட்டுவிடுவது. நேற்று இந்தக் காகிதங்களோடு போய்க் கேட்டேன். “இங்கிலீசு தெரிஞ்சவன் நீதான சார்” என்றாள்.

7

ஆகவே இன்னும் பஸ்ஸிலேயே இருக்கிறோம். நான் என்ன சொன்னாலும் சிங்காரம் நம்பிவிடுவான், அதுதான் எனக்குப் பயம். ஆறு வருட ஆசை என் நாக்கில் வந்து நிற்கிறது. அந்த நாக்கோ எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்ற நாக்கு. டிரைவர் வேறு வந்துகொண்டிருக்கிறார்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அவள் சொன்னதை மனசுக்குள் படிக்காமல், வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள். உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ அதுதான் முடிவு.

சிங்காரம் கேட்டுக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.