ஒளித்து வைத்த கால்பலகைகள்

மலைமேல் இருக்கிற வளப்பூர் நாட்டுப் பெண்களிடம் "உடம்பு எங்கேயாவது வலிக்குதா" என்று கேட்பதைவிட வீண் வேலை உலகத்தில் கிடையாது. மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறுகிறவளை நிறுத்திக் கேட்டாலும் "இல்லீங்க" என்றுதான் சொல்வாள். அப்படியிருக்க, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரலால் தட்டுகிறவள் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாளா? சொன்னால் மாமியார் சிரிப்பாள், பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள், பஸ் கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார்.

பூங்குழலிக்கு இது தெரியாததல்ல. அவளும் அங்கே பிறந்தவள்தான். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று மலைமேல் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் மையம் திறந்தபோது அவளைப் பொறுப்பாகப் போட்டார்கள். பழைய கையெழுத்துக் காகிதங்களைத் திரையில் பார்த்து அப்படியே தட்டி ஏற்ற வேண்டும், அதுதான் வேலை. ஆள் சேர்ப்பதற்காக அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பத்தாவது முடித்துவிட்டு மிளகு பறிக்கப் போனவர்கள், பன்னிரண்டு முடித்துவிட்டு அடுப்படியில் நின்றவர்கள் என்று ஒரு கூட்டத்தையே அழைத்து வந்து உட்கார வைத்தாள். அந்த அறை அவளுக்கு அவள் பெற்ற பிள்ளை மாதிரி.

வேலை பார்க்கிறவர்களுக்கு வலி ஏதும் உண்டா என்று விசாரித்துச் சொல்லும்படி கம்பெனி கேட்டது. பூங்குழலியும் விசாரித்தாள். கழுத்து? இல்லீங்க. தோள்? இல்லீங்க. மணிக்கட்டு? அது எதுக்குங்க வலிக்கப்போவுது? எங்கள் மலைக்காரிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளும் மார்தட்டாத குறையாகச் சொல்லிவிட்டாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மூன்று பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி தேன்மொழி. மையத்திலேயே அவளுக்குத்தான் விரல் வேகம் அதிகம்.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. மலையில் ஆள் நிலைக்கமாட்டேன் என்கிறார்கள், இப்படியே போனால் உங்கள் மையத்தை ராசிபுரம் ஆபீசோடு சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார்கள். சேர்ப்பது என்றால் மூடுவது. தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போய் வேலை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஏறி வந்து சோறாக்க இவர்களில் யாரால் முடியும்?

அன்றைக்கே அவள் தேன்மொழி வீட்டுக்குப் போனாள். வாசலில் தேன்மொழியின் புருஷன் மணிவண்ணன் சேலை பிழிந்துகொண்டிருந்தான். அந்த ஊரில் புருஷன் பொண்டாட்டியின் சேலையைப் பிழிவது, நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கிற விஷயம். பாவம், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிழிந்தான். உள்ளே மாமியார் களி கிண்ட, மருமகள் சும்மா நின்றாள்.

"ஏஞ்சாமி, கையில என்ன?" என்று கேட்டாள் பூங்குழலி.

"ஒண்ணுமில்லீங்க்கா. துணி புழிய வரமாட்டேங்குது. களித்துடுப்பும் புடிக்க வரமாட்டேங்குது. மத்தபடி வலியெல்லாம் இல்லீங்க."

பூங்குழலிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையே வேலை செய்யவில்லை, ஆனால் வலி இல்லையாம். இவர்களிடம் வலியைக் கேட்டது தன் தப்பு என்று அந்த அடுப்படியில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் எல்லோரையும் கூட்டி வைத்து வேறு மாதிரி கேட்டாள். "முன்ன ஊட்டுல நீங்க செஞ்ச வேலை எதையாச்சும் இப்ப வேற ஆளு செய்யுறாங்களா?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "தலை பின்ன கை மேல ஏறமாட்டேங்குதுங்க, நாத்தனாதான் பின்னி உடுறா" என்றாள் ஒருத்தி. "பஸ்சு வருதான்னு கழுத்தத் திருப்ப முடியலீங்க, ஆளே முழுசாத் திரும்பறேன்" என்றாள் சுகுணா. கண்ணாயி மற்றவர்களைவிட வயதில் மூத்தவள், உயரத்தில் எல்லோருக்கும் இளையவள், வாயில் யாருக்கும் சளைக்காதவள். அவள் மட்டும், "எனக்குக் கால் மரத்துப் போவுது கண்ணு. சாயங்காலம் எந்திரிச்சா ரெண்டு காலும் எங்கியோ போயிருது, தேடித்தான் மாட்டிக்கிட்டுப் போவணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பூங்குழலி சிரிக்கவில்லை. துணி பிழிய முடியாதவளுக்கு மணிக்கட்டு, தலை பின்ன முடியாதவளுக்குத் தோள், பஸ்சைத் திரும்பிப் பார்க்க முடியாதவளுக்குக் கழுத்து என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் வீட்டில் ராத்திரியெல்லாம் இதே படிப்பு. உட்காருகிற முறை பற்றிக் கம்பெனி அனுப்பியிருந்ததையெல்லாம் படித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துப் பார்த்தாள். நாற்காலிகளை ஏற்றி இறக்க ஒரு பிடி இருந்தது. கம்பெனிச் சாமான், உடைந்துவிடப் போகிறது என்று இத்தனை நாளும் யாரும் அதைத் தொட்டதே இல்லை. ஆளாளுக்குத் தொட வைத்தாள். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றச் சொன்னாள். ஏறியதும் குட்டையானவர்களுக்குக் கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. அதற்காகத் தச்சர் அர்த்தனாரியிடம் சொல்லிப் பலாமரத் துண்டுகளில் கால்பலகைகள் செய்து வாங்கினாள், அவரவர் காலுக்குத் தக்க உயரத்தில். திரைகள் எல்லாம் தாழ்ந்து கிடந்தன. அவற்றுக்கும் அடியில் பலகை கொடுத்துக் கண்ணுக்கு நேராக உயர்த்தினாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசாதபடி மேசைகளைத் திருப்பிப் போட்டாள். நடு முதுகுக்கு முட்டுக் கொடுக்க ஆளுக்கொரு துண்டைச் சுருட்டி வைத்தாள்.

எல்லாம் ஆயிற்று, ஒன்று மட்டும் ஆகவில்லை. இடையிடையே எழுந்திருங்கள் என்றால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மற்றவர்கள் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்ற பயம். கம்ப்யூட்டரே "எழுந்திரு" என்று திரையில் எழுதிக் காட்டியது. அதை அமுக்கி மூடிவிட்டு மறுபடி தட்டினார்கள்.

இந்த முடிச்சு அவிழ்ந்தது மலையில் பிறந்த புண்ணியத்தால்தான். மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறியவரை ஒரு மரம் முடிந்ததும் இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றுவது அவர்கள் வழக்கம். இறங்கியவர் கீழே உதிர்ந்ததைப் பொறுக்குவார். அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. திரைக்குக் காகிதங்கள் கட்டுக் கட்டாகத்தான் வரும். "ஒரு கட்டு ஒரு மரம். மரம் முடிஞ்சா எறங்கிரோணும். வெளிய போயி எட்டத்துல இருக்குற மலையப் பாத்துட்டு வந்து, அடுத்தவங்க தட்டுனதச் சரிபாக்கோணும்" என்று சட்டம் போட்டாள் பூங்குழலி. அன்றிலிருந்து கட்டு முடிந்தால் "மரம் முடிஞ்சுதுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்தார்கள். எழுந்திருக்காதவளைத்தான் மற்றவர்கள் ஏளனம் செய்தார்கள். தேன்மொழி அடிவாரத்து முள்ளுக்குறிச்சி டாக்டரிடம் காட்டி, கைக்கு ஓய்வு கொடுத்து, முதலில் சரிபார்க்க மட்டும் வந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டவும் ஆரம்பித்தாள். அவள் வீட்டுக் களித்துடுப்பு அவள் கைக்கே திரும்பி வந்தது. மணிவண்ணனின் நிம்மதியைச் சொல்லி முடியாது.

இந்தச் சேதி கோயம்புத்தூர் போய், ரோஸ்லின் என்கிற அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். பல ஊர் ஆபீஸ்களில் ஆட்கள் உட்காருகிற முறையைக் கவனிக்கிறவர். மையம் மலையில் இருக்கலாமா, ராசிபுரம் போகவேண்டுமா என்பது அவர் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது. அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, "நீங்க எப்பவும் போல இருங்க, அது போதும்" என்று சொல்லி வைத்தாள் பூங்குழலி. அந்த அதிகாரி வருகிற அன்று காலையில் முதல் பஸ்சில் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போனாள். ரோஸ்லினின் கார் டிரைவர் மலைக்குப் புதுசு, வழிகாட்ட ஆள் வேண்டும்.

வளைவுகளில் ரோஸ்லினுக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "சில ஆபீஸ்ல விலை உயர்ந்த நாற்காலி வாங்கிப் போட்டிருப்பாங்க. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம இருக்கும். நான் போற அன்னைக்கு மட்டும் எல்லாரும் நேரா உக்காந்திருப்பாங்க" என்றார். பூங்குழலி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வந்து பாருங்க அம்மா என்று நினைத்துக்கொண்டாள். பெருமை அவளுக்குத் தொண்டைவரை நின்றது.

கதவைத் திறந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

அறை கழுவி விட்டதுபோல இருந்தது. கால்பலகை ஒன்றுகூட இல்லை. திரைகள் மேசைமேல் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. துண்டுச் சுருள்கள் காணோம். நாற்காலிகளை ஒரே உயரத்துக்கு இறக்கி, பள்ளிக்கூட வரிசை மாதிரி நேராக நிறுத்தியிருந்தார்கள். வாசலில் கோலம், மேசையில் செவ்வந்திப் பூ. எல்லோரும் புதுச்சேலையில் எழுந்து நின்று, "வாங்கம்மா" என்று கைகூப்பினார்கள்.

பூங்குழலி கண்ணாயியைத் தனியே இழுத்து, "பலகையெல்லாம் எங்க?" என்று பல்லைக் கடித்தாள்.

"பேட்டரி ரூமுக்குள்ள வெச்சுட்டோம் கண்ணு. பெரிய எடத்து ஆளு வாராங்க, கட்டையும் அழுக்குத் துண்டுமா ஊடு கெடந்தா உன்னைத்தான கொறை சொல்லுவாங்க?" என்றாள் கண்ணாயி, வெகு திருப்தியாக.

விருந்தாளி வருகிறார் என்றால் தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது அந்த மலையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை. எப்பவும் போல இருங்கள் என்றால், விருந்தாளி வருகிற வீட்டில் யார்தான் எப்பவும் போல இருப்பார்கள்? பூங்குழலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லலாம். சொன்னால், இந்த அம்மா வந்ததற்காகப் போட்ட வேஷமாகத்தான் அது தெரியும். வளைவில் கேட்ட வார்த்தை அவள் காதிலேயே நின்றது.

ரோஸ்லின் அறையைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீங்க வேலையைப் பாருங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். இருப்பதிலேயே நல்ல நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டார்கள். அவர் மடிக்கணினியைத் திறந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். பூங்குழலி சுவரோரம் நின்றாள். இந்த அறை தன் கையைவிட்டுப் போகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

தட்டுகிற சத்தம் எழுந்தது. சிறிது நேரத்தில் அது தடுமாறியது. சுகுணா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். தேன்மொழி விரலை உதறினாள். கண்ணாயி ஆடி ஆடி உட்கார்ந்து பார்த்தாள், நுனியில் உட்கார்ந்து பார்த்தாள், ஒரு காலை மடித்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், "சே, இதென்ன ஒக்காருறது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி எழுந்து விறுவிறுவென்று பேட்டரி அறைக்குப் போனாள். தன் கால்பலகையோடு வந்து, நாற்காலியை ஏற்றி, காலை அதன்மேல் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தட்டினாள்.

அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சுகுணா போனாள். அவளுக்குப் பின்னால் தேன்மொழி போனாள். விருந்தாளியை மறந்துவிட்டார்கள் என்று சொல்லமுடியாது, உடம்பு அதற்குமேல் மரியாதை பார்க்கவில்லை. குவியலுக்குள் யார் பலகை யாருடையது என்று ஒருத்தியும் கேட்கவில்லை, அவரவர் பலகை அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. திரைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நாற்காலி வரிசை மேடும் பள்ளமுமாகி, பழைய அறை திரும்பி வந்தது. புதுச்சேலைகளுக்குப் பின்னால் அந்த அழுக்குத் துண்டுகளும் ஏறி உட்கார்ந்தன.

"மரம் முடிஞ்சுதுங்க" என்றது தேன்மொழியின் குரல். அவள் எழுந்து வாசலுக்குப் போய் எதிர்மலையைப் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு இன்னொரு குரல்.

ரோஸ்லின் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். "மரம்னா என்னங்க?" என்று பூங்குழலியிடம் மெதுவாகக் கேட்டார். ஏணி, மிளகு, இறங்கி வருவது எல்லாவற்றையும் பூங்குழலி சொன்னாள். பலகைகள் ஏன் உள்ளே போயின என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்காக எடுத்து வைக்கிறதை எத்தனையோ ஊர்ல பாத்திருக்கேன். எனக்காக ஒளிச்சு வச்சு, அப்புறம் அது இல்லாம இருக்க முடியாம எடுத்துட்டு வந்ததை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். "இந்த ஆபீஸ் இங்கயேதான் இருக்கணும்னு எழுதிட்டிருக்கேன். ராசிபுரத்துக்காரங்களை ஒரு நாள் இங்க அனுப்பி வைக்கிறேன், வந்து பாத்துட்டுப் போகட்டும்."

பூங்குழலிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதால் மானம் போகும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் மரம் முடிந்து கண்ணாயி அந்தப் பக்கமாக வந்தாள். நல்ல நாற்காலியில் ரோஸ்லினின் கால் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதை நின்று பார்த்தாள். திரும்பிப் போய்த் தன் கால்பலகையை எடுத்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் குனிந்து அவர் காலுக்கடியில் தள்ளினாள்.

"ஏனுங்கம்மா, ரொம்ப நேரமா எழுதறீங்க. அந்த மரம் முடிஞ்சுதுன்னா எறங்கி வாங்க" என்றாள்.

ரோஸ்லின் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்று எழுந்து அவளோடு வாசலுக்கு நடந்தார்.