மூன்று விரல்கள்

முனைவர் ஆரெண்ட் எங்கள் சபைக் கூடத்துக்குள் நுழைந்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லுத்தரன் திருச்சபையின் வரலாற்றுப் பேராசிரியர். அவர் சபையின் முன்னோர் எங்கள் மென்னோனைட் முன்னோரை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். இவர் அதைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். கொன்ற வீட்டுக்காரனே இழவு வீட்டிலும் முன்வரிசையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

உருளைக்கிழங்கு சூப்பும் பிளம்ஸ் கேக்கும் வைத்தோம். எதிரிக்கும் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். சிரித்துக்கொண்டே போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் மாடு வளர்க்கிறவன். கறவை முடிந்த நேரமெல்லாம் ஆவணக் காப்பகத்தில் பழைய கையெழுத்துகளோடு மல்லுக்கட்டி, முப்பது வருஷத்தில் பார்பரா கிரேபீலின் வரலாற்றை எழுதினேன். எங்கள் சபை வழக்கப்படி, குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று வளர்ந்தபின் மறுபடி பெற்றவள். இயேசு சத்தியம் செய்யாதே என்று சொல்லியிருக்கிறார் என்று நீதிபதி முன் சத்தியத்துக்கு மூன்று விரலைத் தூக்க மறுத்தவள். 1531இல் லுத்தரன் பிரபு அவளை மூழ்கடித்தான். வரும் ஞாயிறு ஆற்றங்கரையில் அவளுக்குக் கல் நாட்டுகிறோம். கல்லில் உள்ள வாசகம் என்னுடையது. அந்தக் கல்தான் என் வாழ்க்கை என்றுகூடச் சொல்லலாம்.

ஆரெண்ட் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நகலை மேசைமேல் வைத்தார்.

"மூணாவது விசாரணைக் குறிப்பு. இதுவரைக்கும் யாரும் அச்சுல போடல. பார்பரா மூணு விரலைத் தூக்கி, இனி உங்க பக்கம் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. உயிரோட விட்டுட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு அவங்களுக்கு ஒரு பையன். எங்க கோயில்லதான் ஞானஸ்நானம். அந்தப் பையனோட பேரன்தான் திரும்ப உங்க பக்கம் வந்தவர். கிரேபீல் குடும்பம் மொத்தமும் அந்தப் பையன் வழிதான்."

கூடத்தில் பாதிப் பேர் கிரேபீல்கள். நானும்தான்.

"அன்னிக்கு அவளைத் தண்ணில அமுக்கினீங்க. இன்னிக்கு அவ பேரை அமுக்க வந்துட்டீங்க," என்றேன்.

"அவங்க பிழைச்சாங்கன்னுதான் சொல்றேன். அதுல உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

"சந்தோஷம் உங்களுக்குத்தான். கணக்குல ஒரு கொலை குறையுதே."

"குறையட்டுமே. நடக்காத கொலைக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

சபை மூப்பர் எமில் ஷோவால்டர் மேசையை லேசாகத் தட்டினார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆல்பிரெக்ட், நீ அந்தக் காப்பகத்துலயே கிடந்தவன். இந்தத் தாளை நீ பாத்திருக்கியா?"

காப்பகத்தில் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். கட்டை எடுத்துப் படிக்கிறவர் அதில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கட்டின் சீட்டில் இரண்டே பெயர்கள்தான் இருக்க முடியும். போன மாதம் ஆரெண்ட். அதற்கு மேலே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நான்.

அன்றைக்கு அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். பிறகு கட்டைச் சுற்றியிருந்த நூலை முன்பு இருந்தபடியே கட்டிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பால் கறந்தேன். பார்பராமேல் அப்படி ஒரு ஆத்திரம். உனக்கு ஒரு கால்மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியாதா என்று மாட்டுக் கொட்டகையில் நின்று திட்டினேன். அவள் அப்படி இருந்திருந்தால் திட்டுவதற்கு நான் பிறந்திருக்கவே மாட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆரெண்ட் என்னைப் பார்த்தார். சீட்டில் என் பெயரைப் படித்தவரின் பார்வை அது. இப்போது போட்டு உடைப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கட்டு வேற அலமாரில கிடந்துச்சு. இவரு கண்ணுல பட்டிருக்க வாய்ப்பே இல்ல," என்றார் மூப்பரிடம்.

எவ்வளவு சுலபமாக ஒரு பொய். அதுவும் எனக்காக. அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த ஊர் நீதிமன்றத்தில் இன்றைக்கும் எங்களைச் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. நாங்கள் ஆமாம் என்றால் அது ஆமாம்தான் என்று எழுதிக்கொள்கிறார்கள். ஒரு லுத்தரன் போட்ட பிச்சையில் என் ஆமாம் தப்பிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"பாத்தேன். ஒம்பது வருஷம் ஆச்சு," என்றேன்.

என் பக்கத்தில் ஹெட்விக் கரண்டியைக் கீழே வைத்தாள். என் மனைவி. என் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தட்டச்சு செய்தவள் அவள்தான். சில பக்கங்களை நாலு முறை.

"நான் கேட்டேன்ல, மூணாவது விசாரணை எங்கன்னு," என்றாள் மெதுவாக. "எரிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க."

அவள் எழுந்தாள். கூடத்தில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி, ஆரெண்டுக்குப் பக்கத்தில். யாரும் அவர் அருகே உட்கார விரும்பியிருக்கவில்லை. அவள் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தாள். அவர் நகலை அவள் பக்கம் நகர்த்தினார். ஹெட்விக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.