அசனச் சாம்பாரில் உப்பு

1

ஆயிரத்து நூற்று இரண்டு நாட்கள். அவ்வளவு காலம் ஆண்டவரிடம் பேசாமல் இருந்த ஒருவரால் பிறந்தது இந்தக் கதை. அவர் என் அப்பா. அம்மாவை அடக்கம் செய்த அன்று எங்கள் வேதக்கோயில் வாசலில் நின்று, "இனி ஒமக்கும் எனக்கும் பேச்சு கெடையாது" என்றார். பிறகு உள்ளே போகவில்லை.

கதையில் அவர் பெயர் ஹெப்ரான். (அப்பா என்று எழுதினால் எனக்குக் கை ஓடவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'மலைமேல் மேகம் திரண்ட ஒரு' — வேண்டாம். அன்று மேகமே இல்லை.

இரண்டாவது: ஹெப்ரான் அம்பாசமுத்திரத்தில் மெஸ் நடத்துகிறார். சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முன்பெல்லாம் அவர் சமையல்தான். இந்த வருடம் காலையில் உபதேசியார் ஞானசிகாமணி அண்டாச் சாம்பாரைச் சுவைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"உப்பு கூடிப் போச்சு! ஏட்டி, ஓடிப்போய் ஒங்க அப்பாவக் கூட்டிட்டு வா."

3

ஹெப்ரான் வந்தார். கோயில் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"அண்டாவ இங்கன கொண்டாரும்வே."

"அண்டாவுக்குக் காலா இருக்கு? நீரு வாரும்."

"சாம்பாருக்காவத்தான் வாரேன். ஒம்ம ஆண்டவருக்காவ இல்ல."

"அவரு ஒம்மட்ட ஒண்ணும் கேக்கலயேவே. பைய வாரும்."

(இங்கே 'அவர் நெஞ்சுக்குள் ஏதோ' என்று ஒரு பத்தி தொடங்கினேன். தெரியாததை எழுதக் கூடாது. செருப்பைக் கழற்றினார். அது தெரியும்.)

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சுவைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ரொம்பக் கூட," என்றார். "உருளக்கெழங்கு எங்க?"

மூன்று மணி வரை அவர்தான் பரிமாறினார். சாப்பாட்டு ஜெபத்தில் அவர் உதடு அசைந்தது. நான் பார்த்தேன்.

4

ஒரு குறிப்பு: நான் வேதியியல் படித்தவள். கரைந்த உப்பைக் கிழங்கு இழுத்துக்கொள்ளாது. அவ்வளவு பெரிய அண்டாவுக்கு அவர் போட்ட நாலு கிலோ கிழங்கு எந்த மூலைக்கு? ஆனால் சாப்பிட்ட அத்தனை பேரும் உப்பு அளவாக இருந்தது என்றார்கள்.

முடிவு அ: அற்புதம். சபைப் போதகரான ஐயர் மறு ஞாயிறு அப்படித்தான் பிரசங்கித்தார்.

முடிவு ஆ: என் வேதியியல் போதாது.

நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்து, தாளை மெஸ்ஸுக்குக் கொண்டுபோய் அவரிடமே நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். 'ஹெப்ரான்' வந்த இடமெல்லாம் அடித்து 'அப்பா' என்று எழுதினார்.

"கெழங்கு நாலு கிலோ இல்லட்டி, ஆறு."

அடுப்படியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஞானசிகாமணிட்ட சொல்லிராத. உப்பு மொதல்லயே சரியாத்தான் இருந்துச்சு."