இரண்டெழுத்து ஷெரீப்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ரயில் பாதை போட்ட பிறகு முளைத்த அந்த ஊரில், ஊர்க்காவல் அதிகாரியான ஷெரீப் பதவிக்குத் தேர்தல் வர இரண்டு வாரம் இருந்தது. நின்றவர்கள் இரண்டே பேர். குதிரை லாயம் வைத்திருந்த ஜோ காக்ஸ், தீவனக் கடைக்காரர் எபனேசர் குவாக்கன்புஷ். எபனேசர் நாற்பது வயது வரை எதிலும் ஜெயித்ததில்லை. பூசணிக்காய்ப் போட்டியில்கூட. இதிலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று கிடந்தார்.

மதுக்கடைச் சுவரில் ஒட்டிய தேர்தல் போஸ்டர்களை அவர் கிட்டே போய்ப் பார்த்தார். ஜோ காக்ஸ் பெயரில் ஒவ்வொரு எழுத்தும் கட்டையாக, அடியில் செங்கல் வைத்தது போல் தடித்த பாதத்தோடு, பூட்ஸ் மாட்டி நின்றது. இவர் பெயரோ மழையில் நனைந்த கோழிகள் மாதிரி ஒல்லியாக ஒடுங்கிக் கிடந்தது.

"காக்ஸ் திடமான ஆளுப்பா. குவாக்கன்புஷ் காத்தடிச்சா விழுந்துருவாரு" என்றான் ஒருவன். காக்ஸ் ஓயாமல் இருமும் நோஞ்சான். எபனேசர் இருநூற்று நாற்பது பவுண்டு.

நேராக அச்சகத்துக்குப் போனார். அச்சகம் தர்ஸா லண்ட் என்பவளுடையது. மர எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அவனுக்கு மட்டும் கடா மாதிரி எழுத்து, எனக்குப் பட்டினி கிடந்த எழுத்தா?"

"வரின்னா இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரத்துல முட்டணும். நடுவுல வெள்ளையா விட்டா என் தொழிலுக்கு அசிங்கம். உங்க பேரு சரக்கு ரயிலாட்டம் நீளம். மெலிஞ்சாத்தான் உள்ள நுழையும்."

"ரெண்டு வரியாப் போடேன்."

"ரெண்டு வரின்னா சர்க்கஸ் நோட்டீஸுன்னு நெனச்சு டிக்கெட் கேப்பாங்க, பரவாயில்லையா?"

எபனேசர் குடும்பப் பெயரை வெட்டினார். எழுத்து கொஞ்சம் சதை போட்டது. போதவில்லை. மறுநாள் மேலும் வெட்டி 'எப்' ஆனார்.

இரண்டே எழுத்து, தாளை அடைத்துக்கொண்டு கன்றுக்குட்டி அளவில் நின்றது. வண்டிக்காரர்கள் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த ஊரில் வாக்குச் சீட்டை வேட்பாளரே அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். அதிலும் 'எப்'தான். காக்ஸுக்கு முப்பத்தொன்று, எப்புக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

எபனேசர் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, ஷெரீப் சட்டையில் குத்தும் நட்சத்திரச் சின்னம் வாங்க நீதிபதி ட்வில்லிடம் போனார்.

"எப் எங்கய்யா?"

"நான்தாங்க எப்."

"நீர் குவாக்கன்புஷ். மொத போஸ்டர்ல பாத்தேனே, ஒல்லியான ஆளு."

எபனேசர் தன் கடைத் தராசைக் கொண்டுவந்து ஏறி நின்றார். முள் இருநூற்று நாற்பதில் நின்றது.

"தீவனக் கடைத் தராசை யாருய்யா நம்புவா?" என்றார் நீதிபதி.

"எப்புன்னா ஆணியடிச்ச மாதிரில்ல நிப்பாரு" என்றது கூட்டம். "இவரு கால மாத்தி மாத்தி வைக்கிறாரே."

எபனேசர் கடைசியாக ஒரு போஸ்டர் அடித்தார்: 'எபனேசர் குவாக்கன்புஷ் ஆகிய நானே எப்.' தர்ஸா அத்தனையையும் ஒரே வரியில் முட்ட வைத்தாள். எழுத்துகள் தலைமுடி கனத்துக்கு இளைத்துவிட்டன. சுவரில் விரிசல் என்று யாரோ சுண்ணாம்பு பூசினார்கள்.

இரக்கப்பட்டு அவருக்குத் துணை ஷெரீப் வேலை கொடுத்தார்கள். எப் வரும்வரை நாற்காலியைத் துடைத்து வைக்கும் வேலை.

தினமும் மதிய ரயிலுக்கு ஊரே ஸ்டேஷனுக்குப் போய் எப்புக்காக நிற்கும். எபனேசரும் போவார், முதலில் ஊரைச் சமாதானப்படுத்த, போகப் போகத் தானும் எட்டிப் பார்க்க. மூன்றாவது வாரம் ரயிலிலிருந்து அகலமான பூட்ஸ் போட்ட ஒருவர் இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் ஓடி, அவர் பெட்டியை வாங்கியது எபனேசர்தான்.

"வாங்க எப்" என்றார். "நாற்காலி சுத்தமா இருக்கு."