சைக்கிள் கடை மாமா

ஐந்து மணி ஃபெர்ரியில் ஏறிய ஆளைப் பார்த்ததும் பங்கஜத்தின் கையிலிருந்த டிபன் பாக்ஸ் நழுவியது. மூடி உருண்டு போய் அந்த ஆளின் செருப்பில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். இடமிருந்து வலமாக, ஒரே ஒரு முறை.

சந்தேகமே இல்லை. அந்தத் துடைப்புதான்.

"சைக்கிள் கடை மாமா!" என்று கத்திவிட்டாள்.

ஃபெர்ரி முழுக்கத் திரும்பியது.

அது எழுபத்தேழாம் வருஷம். போர்ட் பிளேரில் டெலிவிஷன் கிடையாது. இந்த ஃபெர்ரியில் டெலிவிஷன் பார்த்தவள் பங்கஜம் ஒருத்திதான். முந்தின வருஷம் தங்கையின் பிரசவத்துக்கு மெட்ராஸ் போயிருந்தாள். எதிர்வீட்டில் பெட்டி இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் நாற்பது பேர் தரையில் உட்கார, நாற்பத்தோராவது ஆளாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாடகம் பார்த்தாள். நான்கு வார நாடகம். மூன்று வாரம் பார்த்தாள். நான்காவது செவ்வாய்க்கிழமை அவளுடைய கப்பல் கிளம்பிவிட்டது.

ஊர் திரும்பியதும் ஃபெர்ரியில் கதை சொல்ல ஆரம்பித்தாள். பி.டபிள்யூ.டி. ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை; காலையில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம், மாலையில் சாத்தத்திலிருந்து பாம்பூஃப்ளாட். போக வரக் கால் கால் மணி நேரம். அரை மணி நாடகம் அவள் வாயில் ஒரு மாதம் ஓடும். முதலில் தமிழில்தான் சொன்னாள். தெலுங்குப் பெண்கள் நகர்ந்து வந்தார்கள். அப்புறம் வங்காளிப் பெண்கள். கதை இந்திக்கு மாறியது. அது தீவு இந்தி. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் வரும்.

வாடகை சைக்கிள் கடைக்காரன். வாய் பேசாத சுபாவம். தினமும் கடைக்கு வரும் செண்பகம். மனசில் இருப்பதைச் சொல்லவேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவன் துணியால் சைக்கிள் மணியை ஒரு முறை துடைப்பான். ஒரு முறை அடிப்பான். அந்த இடத்தில் பங்கஜம் டிபன் பாக்ஸ் மூடியில் ஸ்பூனால் தட்டுவாள். டிங். ஃபெர்ரி பெருமூச்சு விடும்.

எல்லாவற்றையும் இந்தியில் சொன்னவள் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. செண்பகம் அவனை "மாமா" என்று கூப்பிடுவது. அதை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை. இந்தியிலும் அந்த வார்த்தை இருந்தது.

இப்போது அந்த மாமா டிபன் பாக்ஸ் மூடியோடு எதிரில் நின்றார்.

"நீங்க நாடகம் பாத்தீங்களா?" என்றார், தான் ஏதோ தப்புச் செய்து அகப்பட்டவர் போல.

"மூணு வாரம் பாத்தேன். கடைசி வாரம் என்னாச்சு? மொதல்ல அதச் சொல்லுங்க."

அவர் பெயர் கோவிந்தராஜ். மெட்ராஸ்காரர். சாத்தம் மரமில்லுக்கு ஸ்டோர் கிளார்க்காக வந்து பதினோரு நாள் ஆகிறது. மெட்ராஸில் ஆபீஸ் விட்டதும் சபாவில் நடிப்பார். டெலிவிஷனில் நடித்தது அந்த ஒரே தடவை.

"கல்யாணம் நடந்துச்சு. ஆனா காட்டல. மணிய ஒரு தரம் அடிச்சேன். அதோட முடிஞ்சுது."

தமிழ்ப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"நாடகம் வந்த மறுநாள் பஸ்ல போறேங்க," என்றார் கோவிந்தராஜ். "ஒருத்தராவது திரும்பிப் பாப்பாங்கன்னு படியிலயே நின்னேன். கண்டக்டர்தான் பாத்தான். 'உள்ள போய்யா'ன்னான்."

தமிழ்ப் பெண்கள் சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அங்கே வங்காளிப் பெண்கள். நடுவில் ஷெபாலி, மீன் தட்டோடு. அவள் தட்டை சாக்கால் மூடினாள். கடலில் துப்பினாள். துப்பியது கடலில்தான், பார்த்தது அவரை.

மறுநாள் கோவிந்தராஜின் முகம் வாடியிருந்தது.

"அந்த மீன்கார அம்மா வீடு தரேன்னு சொல்லியிருந்துச்சுங்க. பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்குப் பின்னால ரெண்டு ரூம். இன்னிக்குக் காலையில இல்லேன்னுடுச்சு. குவார்ட்டர்ஸ் கேட்டா ஒரு வருஷம் ஆகும்ங்கறாங்க. புதன்கிழமை கப்பல்ல என் சம்சாரம் வருது."

"ஏன் இல்லேன்னாங்க?"

"தெரியல. மீனும் தரமாட்டேங்குது. என்னமோ இந்தியில திட்டுச்சு. நாடகம்னு ஒரு வார்த்தை மட்டும் வெளங்குச்சு."

பங்கஜம் எதிர்ப்பக்கம் பார்த்தாள். அந்த வங்காளிக் கூட்டம் கதையில் எப்போதுமே சைக்கிள் கடைக்காரனுக்கு எதிர்க்கட்சி. அவன் மணியடித்தால் "சீ" என்பார்கள். ஆனாலும் ஒருநாள்கூடக் கேட்காமல் இருந்ததில்லை. பேசாத ஆம்பிளையை அவர்களுக்குப் பிடிக்காது போல என்று விட்டிருந்தாள்.

"அவங்களுக்கு நீங்க வில்லன்," என்றாள்.

கோவிந்தராஜின் முகம் மலர்ந்தது. "வில்லனா? நெசமாவா? பாக்காமலே துப்பற அளவுக்கா?" பதினோரு வருஷம் மேடை ஏறியவர். ஒரு கைதட்டலுக்கு ஏங்கியவர். அப்புறம்தான் வீடு ஞாபகம் வந்தது. "ஆனா வீடு வேணுமேங்க."

என் வாயால் போன வீடு, நான்தான் வாங்கித் தரவேண்டும் என்று பங்கஜம் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெபாலியின் வாசலுக்குப் போனாள். ஷெபாலி அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பேச்சு இந்தியில் நடந்தது.

"அந்த ஆளுக்கு வீடா? நஹீ. பக்கத்துல வயசுப் பொண்ணுங்க இருக்காங்க."

"தீதி, அவர் நடிகர். நாடகம் வேற, ஆள் வேற."

"மனசுல இல்லாததா முகத்துல வரும்? நீதானே சொன்னே, அவ மாமான்னு கூப்பிட்டதும் அவன் கண்ணு நெறஞ்சுதுன்னு. சொந்த அக்கா பெத்த பொண்ணு! அவளைப் பாத்து மணியடிக்கறான் பேஷரம், வெக்கங்கெட்டவன்!"

"அக்கா பொண்ணா? அப்படின்னு யார் சொன்னா?"

"நீதான். ஏழு மாசமா. மாமா, மாமா, மாமா."

பங்கஜம் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தியில் மாமா என்றால் அம்மாவின் தம்பி. அண்ணனாக இருக்கலாம். வேறு ஆளே கிடையாது. ஏழு மாதமாகப் பாதி ஃபெர்ரி ஒரு காதல் கதையைக் கேட்டிருக்கிறது. மறுபாதி ஒரு மகாபாவத்தைக் கேட்டிருக்கிறது. இரண்டையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

சிரிப்பு தாங்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தீதி, தமிழ்ல புருஷனையும் மாமாம்போம். கட்டிக்கப் போறவனையும் மாமாம்போம். டீக்கடைக்காரரும் மாமா. போலீஸ்காரனும் மாமா."

"எல்லாரும் மாமான்னா புருஷன் எதுன்னு எப்படித் தெரியும்?"

"கூப்பிடற குரல்ல தெரியும்."

ஷெபாலி யோசித்தாள். "மாமா" என்று ஒரு மாதிரி சொல்லிப் பார்த்தாள். இன்னொரு மாதிரி சொன்னாள். இரண்டாவது மாதிரியில் அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது. மீனைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ அந்தப் பையன் நல்லவன்!"

"நல்லவர்."

"அந்த மாமா இல்ல?"

"அந்த மாமா இல்ல," என்றாள் பங்கஜம்.

தமிழர்கள் அந்த மாமாவையும் கட்டுவார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவே தாய்மாமனைக் கட்டியவள். ஷெபாலி கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. வீடு கிடைத்தது. போதும் என்று எழுந்துவந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து கோவிந்தராஜ் கால் தரையில் படாமல் நடந்தார். வங்காளிப் பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். ஷெபாலி முழுசாக ஒரு மீனை இலையில் சுற்றி மடியில் வைத்தாள். ஃபெர்ரியை ஓட்டும் சுக்கானி மணியன் அவரைக் கூப்பிட்டு ஃபெர்ரி மணியை அடிக்கச் சொன்னார். கோவிந்தராஜ் கைக்குட்டையால் மணியைத் துடைத்தார். ஒரு முறை. அடித்தார். ஒரு முறை. இரண்டு பக்கமும் பெருமூச்சு. ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒரே நேரத்தில்.

புதன்கிழமை கப்பல் சாத்தம் ஜெட்டியில் கட்டியது. மரமில் ஆட்கள், ஃபெர்ரி ஆட்கள் என்று சின்னக் கூட்டம். சைக்கிள் கடை மாமாவின் நிஜ சம்சாரத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஷெபாலி நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். முந்தானை நுனியில் வீட்டுச் சாவி முடிச்சாகத் தொங்கியது.

ஏணியில் ஒரு இளம்பெண் தெரிந்தாள். இந்திராணி. ஐந்து நாள் கடலில் முகம் வெளுத்திருந்தது. கீழே கோவிந்தராஜைப் பார்த்ததும் அந்த வெளுப்பெல்லாம் போய்விட்டது.

"மாமா!"

ஷெபாலி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "புருஷன்னு அர்த்தம்," என்று விளக்கினாள். "குரல்லயே தெரியுது பார்."

பின்னாலேயே வயதான ஒரு பெண்மணி இறங்கினார். மரகதம், இந்திராணியின் அம்மா. மகளைக் கொண்டுவந்து விட வந்தவர். கோவிந்தராஜ் ஓடிப்போய்த் தகர டிரங்குப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, கப்பல் ஒத்துக்கிச்சா? வாந்தி எடுத்தியா?"

"போடா டேய். அஞ்சு நாளா அதைத்தான்டா செஞ்சேன்."

ஷெபாலியின் சிரிப்பு நின்றது. இருபது வருஷமாகத் தமிழர்களுக்கு மீன் விற்கிறவள். அக்கா என்றால் தீதி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். அவள் விரலை மடக்கினாள். இவன் அக்கா. அக்காவின் பெண். பெண்ணின் மாமா. மூன்று விரல் மடங்கியதும் கை தானாக முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தது.

"பங்கஜம். இந்த அம்மா யாரு?"

பங்கஜத்துக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சும்மா மரியாதைக்கு அக்கா என்பது, தமிழில் எல்லோரும் அக்கா. ஷெபாலி நம்பியும் விடுவாள். ஆனால் ஒரே ஜெட்டி, ஒரே தண்ணீர்க் குழாய். நாளை மரகதம் வாயைத் திறந்தால் உடைந்துவிடும். அதைவிட, மூடிமறைக்கிற அளவுக்கு, தாய்மாமனைக் கட்டிய தன் அம்மா என்ன தப்புச் செய்துவிட்டாள்?

"அவரோட சொந்த அக்கா," என்றாள். "அந்தப் பொண்ணு அக்கா பொண்ணுதான். எங்கள்ல அது வழக்கம், தீதி. எங்கம்மாவும் தாய்மாமனைத்தான் கட்டினா. அன்னிக்கு நான் உன்கிட்ட பாதிதான் சொன்னேன்."

கோவிந்தராஜ் தலையில் பெட்டியோடு அப்படியே நின்றார். இந்தி புரியவில்லை. முகங்கள் புரிந்தன.

ஷெபாலி இந்திராணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ இந்தப் பொண்ணுக்கு மாமியார் யாரு?"

"அவர் அம்மாதான்."

"அதாவது?"

"அவளுக்குப் பாட்டி."

"நானியா?" ஷெபாலியின் குரல் உயர்ந்தது. "மாமியார், நானியா?"

"நானிதான்."

ஷெபாலி அங்கே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். அவளுடைய மாமியாரை ஃபெர்ரி முழுக்க அறியும். அகதியாகக் கப்பல் ஏறி வந்த நாளிலிருந்து சாகிறவரை பதினெட்டு வருஷம், மருமகள் தட்டில் ஒரு மீன் தலை விழ விடாத மாமியார். மீன் கொண்டுவந்தவள் ஷெபாலி. வங்காளிக்கு மீனில் தலைதான் உசத்தி; அந்தத் தலையைத் தின்றவள் மாமியார்.

"அந்த வீட்டுல மீன் தலை யாருக்குப் போகும்?"

பங்கஜம் மரகதத்திடம் தமிழில் கேட்டாள். மரகதம் இது என்ன கேள்வி என்று பார்த்தார். "இவளுக்குத்தான். எங்கம்மாவுக்குப் பேத்தின்னா உசுரு. எனக்கே கெடைக்காது."

பங்கஜம் அதை இந்தியில் சொன்னாள்.

முதலில் ஷெபாலியின் தோள்கள்தான் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. "ஹாய் ராம்! மாமியாரே இல்லாத கல்யாணம்! இதை எங்க ஆளுங்க ஏன் கண்டுபிடிக்கல?" வங்காளிப் பெண்கள் என்ன என்ன என்று நெருக்கினார்கள். அவள் மூச்சு வாங்கியபடி அவர்கள் மொழியில் சொன்னாள். ஒருத்தி "சீ" என்று ஆரம்பித்தாள். மீன் தலை வந்ததும் பாதியில் நிறுத்தினாள்.

ஷெபாலி எழுந்தாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சாவியை இந்திராணியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

இந்திராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாமா, என்ன சொல்றாங்க?"

கோவிந்தராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. ஒரு கை பெட்டியைப் பிடித்திருந்தது. மற்றொரு கையை உயர்த்தி, மோதிர விரலால் தகரத்தில் தட்டினார். ஒரே ஒரு முறை.

டிங்.

"சுனா? கேட்டீங்களா?" என்றாள் ஷெபாலி கூட்டத்தைப் பார்த்து. "சொன்னேன்ல, நல்ல பையன்னு."